ஷாஃப்ட்டில் கை வைக்குமுன் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்

சாந்தன்பாறை, பூப்பாறை, சின்னக்கானல் பக்கம் ஜீப் ஓட்டுபவர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தால்தான் பிழைப்பு ஓடும். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரும் வண்டி ஒருநாள் நின்றால் அதில் வருபவர்கள் அத்தனை பேரின் கூலியும் போகும். அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சத்தம் கேட்டதும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்குக் கஷ்டமான வேலையில்லை. ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கியரில் போட்ட ஜீப் சரிவில் நிற்பது எதனால்? எஞ்சினின் இறுக்கம் கியர்பாக்ஸ் வழியாக ஷாஃப்ட்டுக்கு வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றியதும் அந்தப் பிடி விட்டுப்போகும். முதல் கியரில் இருந்தாலும் வண்டி நியூட்ரலில் கிடப்பதாகவே அர்த்தம். பழைய வில்லிஸ் வம்சத்து ஜீப்புகளில் ஆபத்து இரட்டிப்பு. அவற்றில் ஹேண்ட்பிரேக் டிரம் பின்சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். ஷாஃப்ட் இறங்கினால் ஹேண்ட்பிரேக்கும் செத்தது. உங்கள் வண்டி எந்த வகை என்று குனிந்து, கேபிள் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ஓடும்போது பின் ஷாஃப்ட் முறிந்தாலும் இதே கதைதான்: மிதிபிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், கூட இருப்பவரை இறக்கிக் கல் வைக்கச் சொல்ல வேண்டும்.

ஆகவே இடம் பார்ப்பதில்தான் பாதி வேலை. ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னால் சிமென்ட் களம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றினால்தான் எல்லா போல்ட்டும் எட்டும். அதற்கு ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். தரையில் இருக்கும் மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மர முட்டுக்கட்டை. உருண்டைக் கல் வேண்டாம், அது வண்டியோடு சேர்ந்து உருளும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஹாலோபிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்தும் பழக்கம் இந்தப் பக்கம் நிறைய உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாரம் ஓரிடத்தில் விழுந்தால் அந்தக் கல் விரிசல்கூடக் காட்டாமல் நொறுங்கும். மழை மண்ணாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். சைலன்சர் ஆறும்வரை பொறுங்கள்.

பொழுது சாய்ந்தபிறகு ஆரம்பிக்க வேண்டாம். அரிக்கொம்பன் என்ற காட்டுயானையை 2023 ஏப்ரல் 29-ல் பிடித்துக்கொண்டு போனாலும், இந்தக் காட்டில் மற்ற யானைகள் நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவரால் எழுந்து ஓட முடியாது. பகலிலும் தனியாகச் செய்யாதீர்கள்.

கழற்றுமுன் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கிராஸைக் (யுனிவர்சல் ஜாயின்ட்) கவனியுங்கள். மூடியின் ஓரத்தில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் செந்துரு படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங் அரைபட்டிருக்கிறது. கிளட்ச் விட்டதும் ‘டக்’ என்று கேட்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஷாஃப்ட்டைக் கையால் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் கிராஸை மட்டும் மாற்றினால் போதும். குழல் நெளிந்திருந்தாலோ, வரிப்பல் (ஸ்ப்லைன்) தேய்ந்திருந்தாலோதான் முழு ஷாஃப்ட் தேவைப்படும். கடைக்காரர் சொன்னார் என்று முழு ஷாஃப்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, ஃபிளாஞ்சிலும் யோக்கிலும் ஒரே கோட்டில் பெயின்ட் வையுங்கள். நடுவில் நீண்டு சுருங்கும் ஜாயின்ட்டிலும் ஒரு கோடு. சாய்வில் சுற்றும் ஒரு கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதற்கு நேரெதிராக ஆடித்தான் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்கிறது. வரிப்பல்லில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கணக்கு தவறி, வண்டி முழுக்க அதிரும். புது கிராஸ் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் முதலில் இந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பின்முனையை முதலில் விடுவியுங்கள். கடைசி போல்ட் வரும்முன் ஷாஃப்ட்டைக் கயிற்றால் சேஸிஸில் கட்டிவிடுங்கள். அவிழ்ந்து விழுந்தால் நேரே முகத்தில்தான் விழும். கிராஸ் மூடிகளை டேப்பால் சுற்றினால் ஊசிகள் மண்ணில் கொட்டாது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் சரிபாருங்கள். மாட்டும்போது சர்க்கிளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும், போல்ட்டும் நட்டும் புதிதாக, அதே தரத்தில் இருக்க வேண்டும். நான்கு மூடியின் ஓரத்திலும் பிதுங்கும்வரை கிரீஸ் அடியுங்கள்.

முறிந்த குழலை மட்டும் பற்றவைக்காதீர்கள். வெல்டிங் பிடித்துக்கொள்ளும், பேலன்ஸ் போய்விடும். அதை லேத்தும் பேலன்சிங் எந்திரமும் உள்ள பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தவரைத்தான் எஸ்டேட்டுகள் திரும்பக் கூப்பிடும்.

வேலை முடிந்ததும் ஆள் ஏற்றாமல் ஒரு ஏற்றம் இறக்கம் போய்வந்து போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். 2023 ஆகஸ்ட் 25-ல் வயநாட்டில் தோட்டத் தொழிலாளர் ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். நம் வண்டிகளிலும் பின்னால் உட்காருபவர்கள் அதே மாதிரிப் பெண்கள்தான். அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக இந்தச் சோதனை ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

இதையே தொழிலாக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு, மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டாண்டு. கட்டப்பனையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, எந்தப் பிரிவில் இடம் உண்டு என்று நேரில் போய்க் கேளுங்கள். படிக்காமல் பட்டறையில் கற்றவர்களுக்கு, 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் கைத்திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரப் பிரிவு உண்டு. பெரிய எஸ்டேட்டில் சம்பளத்துக்குச் சேரும்போது அந்தத் தாள் உதவும். முதல் சம்பாத்தியத்தில் இரண்டு ஸ்டாண்டும் ஆறு முட்டுக்கட்டையும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். வண்டிக்காரர் வீட்டில் இருக்கும் என்று நம்பி வேலைக்குப் போகாதீர்கள்.