வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு: செவிகொடுப்பதும் ஊழியமே

உடன் வேலை செய்பவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது கிறிஸ்தவ விசுவாசத்தில் ஊழியமாகவே எண்ணப்படுகிறது. ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிச் பான்ஹோஃபர் ஃபிங்கன்வால்டேயில் நடத்திவந்த போதகர் பயிற்சிப் பள்ளியை 1937-இல் நாஜி அரசு மூடியது. அங்கே கூடி வாழ்ந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய சிறு நூல், சகோதரனுக்குச் செய்யவேண்டிய முதல் தொண்டாகக் கேட்பதைத்தான் சொல்கிறது. சகோதரனுக்குச் செவிகொடாதவன் நாளடைவில் தேவனுக்கும் செவிகொடுக்க மாட்டான் என்றும் அவர் எச்சரித்தார். ஜெபத்தில் ஊக்கமாக இருந்துகொண்டு, அலுவலகத்தில் யாரையும் பேசவிடாத விசுவாசிகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேலையிடத்துக்கு நேராகப் பொருந்துவது யாத்திராகமம் 18-ஆம் அதிகாரம். இஸ்ரவேலரின் பாளையத்துக்கு வந்த எத்திரோ, மருமகன் மோசே சொன்னதையெல்லாம் முதலில் கேட்டார். மறுநாள், வழக்குத் தீர்க்க மோசே உட்கார்ந்திருக்க, ஜனங்கள் காலை முதல் சாயங்காலம்வரை காத்து நிற்பதைக் கண்டார். கண்டவுடன் புத்தி சொல்லிவிடவில்லை. ஏன் தனியாகச் செய்கிறாய் என்று விசாரித்து, மோசேயின் விளக்கத்தையும் கேட்ட பிறகே, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கென்று அதிபதிகளை ஏற்படுத்தச் சொன்னார். தேவனோடு பேசியவரான மோசே, மீதியான் தேசத்து ஆசாரியர் ஒருவரின் யோசனையை ஏற்று வேலைமுறையையே மாற்றினார். கேட்டார் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

கேட்காமல் இருப்பதற்கு, நேரமில்லை என்பதுதான் அலுவலகங்களில் எப்போதும் சொல்லப்படும் காரணம். மாற்கு 5-இல், யவீருவின் மகள் மரணத்தறுவாயில் கிடக்கிறாள். அந்த அவசரத்திலும் இயேசு வழியில் நின்று, பன்னிரண்டு வருஷம் வியாதியில் தவித்த பெண் தன் உண்மையையெல்லாம் சொல்லும்வரை கேட்டார். "சார், ஒரு நிமிஷம்" என்று மேசையருகே ஒருவர் தயங்கி நிற்கும்போது கண் கணினித் திரையிலேயே இருந்தால், அவர் விடுப்புக் கடிதத்தை மட்டும் வைத்துவிட்டுப் போவார். அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதைச் சொல்லத்தான் வந்திருப்பார்.

சொன்னாலும், உடனே வசனத்தை எடுத்து நீட்டுவது பொறுமையின்மையே. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள்.

விசுவாசிகளுக்கே உரிய இன்னொரு சோதனையும் உண்டு: நம்பிச் சொன்னதை ஜெபக் குறிப்பாக்கிப் பத்துப் பேருக்குத் தெரிவிப்பது. சொன்னவரின் அனுமதியில்லாமல் அது புறங்கூறுதலே. ஆனால் பாலியல் தொல்லை பற்றிய புகாரை மனதுக்குள் பூட்டிவைத்தால் சொன்னவருக்கு உதவியாகாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு இருப்பதை எடுத்துச்சொல்லி, அவர் சம்மதித்தால் புகார் எழுதவும் கொடுக்கவும் கூடவே போவது, கேட்டவரின் பொறுப்பு.