பதினொன்றா, ஆறா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். பின்னால் மிக்ஸி ஓடியதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த மட்டில் சொல்கிறேன், சரியா பார். கல்லூரியில் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறீர்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர ஒரு கூட்டுத் திட்டம். அதற்காக வாணியம்பாடிக்கென்று ஒரு ஆப். பஸ் நேரம், ரத்ததானம், ஷூ கம்பெனி வேலை, பிரியாணிக் கடை எல்லாம் அதற்குள் வரும். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டாய்.

முதலில் அந்த ஆப்பை விட்டுவிடு. கோபித்துக்கொள்ளாதே. பஸ் நேரம் மாறினால் தினமும் யார் போய்ப் பார்த்துத் திருத்துவது? ரத்தம் கேட்டு நள்ளிரவில் ஒருவர் கூப்பிட, அந்த எண் ஆறு மாதம் முன்பே மாறியிருந்தால்? அது கற்றுக்கொள்கிறவர்கள் தலையில் வைக்கிற பாரமில்லை.

அதற்குப் பதில் ஒன்று செய். பைதானைத் திறந்து, 'வாணியம்பாடி' என்ற சொல்லின் நீளம் என்ன என்று லென் கட்டளையிடம் கேள். 11 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேள்: வா, ணி, ய, ம், பா, டி. ஆறு. கணினி பொய் சொல்லவில்லை. யூனிகோடில் கால், கொம்பு, மேல்விலங்கு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி எண். அது அத்தனையையும் எண்ணுகிறது. இந்தப் பதினொன்றுக்கும் ஆறுக்கும் நடுவே உங்கள் திட்டம் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டு, அவ்வளவு போதும். ஆம்பூர், ஆலங்காயம், பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளி என்று பெயர்களுக்குப் பஞ்சமில்லை.

எழுத்துப் பிரிக்கிற வேலையை முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நிரல் தொகுப்பில் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத 'எழில்' மொழியை உண்டாக்கியவரும் அவர்தான். அந்தத் தொகுப்பை எடுத்துப் போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். போடாதே. முதலில் பிள்ளைகள் தாங்களே எழுதித் தடுமாறட்டும். பிறகு அதைத் திறந்து, பெரியவர்கள் இதே இடத்தை எப்படித் தாண்டினார்கள் என்று பார்க்கட்டும். தடுமாறியவனுக்குத்தான் அந்த நிரலின் அருமை தெரியும்.

என் கதையையும் கேள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் நானும் இப்படி ஒரு குழு கூட்டினேன். ஏழு பேர். அவர்கள் பகலில் எழுதியதை நான் ராத்திரி உட்கார்ந்து 'சரி' செய்வேன். காலையில் ஒரு பையன் தன் நிரலைத் தேடுவான், அவன் எழுதியது ஒரு வரிகூட இருக்காது. இன்னொரு பெண் அனுப்பிய திருத்தத்துக்குப் பதினொரு நாள் கழித்துப் பதில் போட்டேன், அதுவும் எட்டுக் குறை சொல்லி. நாலாவது ஞாயிறு நான் மட்டும் போய் உட்கார்ந்திருந்தேன். மென்பொருள் நன்றாகவே ஓடியது. கற்றவர் யாருமில்லை.

உன் தாத்தா இதை என்னைவிட நன்றாகச் செய்தார். டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. புதுப் பையன் வந்தால் பிரசங்கம் செய்ய மாட்டார். தான் ஏற்கெனவே பிரித்து மனசில் குறித்துக்கொண்ட அடுக்கைக் கலைத்து, 'நீ பிரி' என்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் பையன் விரலால் தடவிப் பார்த்து அடுக்குவான். முடித்ததும் தாத்தா ஒரு தடவை புரட்டுவார். தன் கணக்கோடு ஒத்துப்போன தோல்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒத்துப்போகாத இரண்டை மட்டும் வெளியே இழுத்துப் போட்டு, 'இதை ஏன் இங்கே வெச்ச?' என்று கேட்பார். பையன் காரணம் சொல்லியாக வேண்டும். சில சமயம் பையன் சொன்னதே சரியாக இருக்கும். தோல் பேசாமல் அடுக்கு மாறிவிடும்.

நிரலைச் சரிபார்ப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு திருத்தம் வந்தால் ஒரே நாளில் பார். இரண்டு இடத்துக்கு மேல் தொடாதே. மாற்றச் சொல்லு, நீயே மாற்றாதே. தாத்தா கையில் வைத்திருந்த விடைக்குப் பெயர் இங்கே சோதனை நிரல்: 'ஆம்பூர்' என்றால் 4 வர வேண்டும், 'ஸ்ரீ' என்றால் 1. சோதனைகளை நீங்கள் ஒன்பது பேரும் முதலிலேயே எழுதி வையுங்கள். திட்டுவது கணினியாக இருந்தால் பிள்ளைகளுக்கு அவ்வளவாக வலிக்காது.

ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் ஐபிஎம் அனுபவத்தை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பிந்திப்போன மென்பொருள் வேலைக்குப் புது ஆள் சேர்த்தால் இன்னும் பிந்தும் என்பது அதில் அவர் கண்ட முக்கியமான விஷயம். காரணம், பழைய ஆள் தன் வேலையை நிறுத்திவிட்டுப் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு அது நஷ்டம். உனக்கோ அந்தப் பிந்துகிற நேரம்தான் சரக்கு. ஆகவே முடிக்கும் தேதி வைக்காதே.

பரிசும் வைக்காதே. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நாலு திருத்தம் அனுப்பினால் டீ-சர்ட் என்றிருந்தது. 2020-இல் உப்புச்சப்பில்லாத திருத்தங்கள் வந்து குவிந்து, உலகம் முழுக்கத் திட்டம் நடத்துகிறவர்கள் நொந்துபோனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று பாதியிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே பேசுவார்கள். கணியம் மின்னிதழ் 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. ஒரு கடிதம் போட்டுப் பார். உங்கள் கூட்டத்திலும் வாய்க்கு வந்த மொழியில் பேசட்டும். வீட்டில் உருது பேசுகிற பிள்ளை உருதுவிலேயே பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கட்டும். நேரம் ஞாயிறு காலை வையுங்கள். சாயங்காலம் என்றால் பெண் பிள்ளைகள் பாதிப் பேர் வர மாட்டார்கள், உனக்கே தெரியும். லேப்டாப் இல்லாதவர்கள் போனில் கிட்ஹப்பைத் திறந்து ஊர்ப் பெயர்ப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம். அதுவும் திருத்தம்தான், பெயர் போட்டு ஏற்றுக்கொள்.

கடைசியாக ஒரு ரகசியம். ஜோலார்பேட்டையைப் பட்டியலில் சேர்க்கும்போது 'ஜோ'வின் ஓகாரத்தை ஒரு கோப்பில் ஒரே குறியாகவும், இன்னொன்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவும் இருக்கும்படி செய். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஆட்டத்தில் சரியான விடையையே தவறு என்று அது சொல்லும்போது பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். யூனிகோடு சீராக்கம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு வரியில் தீர்ந்துவிடும். உனக்குக் கை துறுதுறுக்கும். சரி செய்யாதே. வேலைப் பட்டியலில் 'ஜோலார்பேட்டை ஆட்டத்தில் ஜெயிக்க முடியவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்து எனக்குச் சொல்லு.

அம்மாவை மாத்திரை சாப்பிடச் சொல்.

அன்புடன்,
மாமா