பொருத்தமான வெப்பமானியைத் தெரிதல்

வினா: நியோன் குழாயில் வாயு நிரப்ப முன், கண்ணாடியில் ஒட்டிய நீராவியை அகற்ற, உயர் அழுத்த மின்னிறக்கத்தால் அதனைச் சுமார் 250 °C வரை சூடாக்குவர். இவ்வெப்பநிலையை அளக்கப் பொருத்தமான வெப்பமானி யாது?

விடை:
1. அற்ககோல் 78 °C இல் கொதிக்கும்; பொருந்தாது.
2. இரசம் 357 °C இல் கொதிப்பதால் வீச்சு போதும். ஆயினும் குமிழ் சூடாக நேரமெடுக்கும்.
3. வெப்பவிணை விரைவாக வாசிப்புத் தரும். எனினும் குழாய்க்குப் பல ஆயிரம் வோற்று வழங்கப்படுகையில் கம்பியால் தொடுவது உயிராபத்தானது.
4. எனவே தொடாமல் அளக்கும் செந்நிறக்கீழ்க் கதிர் வெப்பமானியே பொருத்தமானது.

கவனிக்க: 2020 இல் கொரோனாவின்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பாடசாலை வாயில்களில் நெற்றிக்கு நேரே பிடித்ததும் இவ்வகையே. ஆனால் அது உடல் வெப்பநிலை வீச்சுக்கு உரியது, இங்கு உதவாது.

மாணவர்களே, வீச்சு, விரைவு, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட பின்னரே விடை எழுதுக.