எண்ணை ஆராய்ந்த சகோதரர்கள்

இயந்திரங்களின் விளம்பரங்களில் 'குதிரைத்திறன்' என்னும் சொல் அடிக்கடி இடம்பெறும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் வகுத்த அலகு இது. ஏறத்தாழ 75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறனே ஒரு குதிரைத்திறன். ஆனால், விளம்பரம் சொல்லும் எண்ணை அப்படியே நம்பலாமா?

1902ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்திற்கு இயந்திரம் தேடினர். அது 8 குதிரைத்திறன் தரவேண்டும்; எடை 200 பவுண்டைத் தாண்டக்கூடாது. பல நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினர். பெரும்பாலானவை மறுத்துவிட்டன. ஒரு நிறுவனம் மட்டும், 8 குதிரைத்திறன் கொண்ட 135 பவுண்டு இயந்திரம் தன்னிடம் இருப்பதாகத் தெரிவித்தது.

சகோதரர்கள் உடனே அதை வாங்கிவிடவில்லை. அதன் அளவுகளை ஆராய்ந்தனர். அதில் இருந்தது ஒரே ஓர் உருளை. அதன் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் நகரும் தூரம் 5 அங்குலம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு எரிபொருட்கலவை எரிகிறது, நிமிடத்திற்கு எத்தனை முறை எரிகிறது என்பவற்றைப் பொறுத்தே இயந்திரத்தின் திறன் அமையும். இவ்வளவு சிறிய உருளை 8 குதிரைத்திறன் தருமா என்று அவர்கள் ஐயுற்றனர். தொழிற்கூடத்தில் திறன் குறைந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். விமானத்தில் திறன் குறைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, சார்லி டெய்லர் என்னும் கைவினைஞரின் துணையுடன் தாங்களே நான்கு உருளை இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். வடிவமைக்கத் தொடங்கிய ஆறு வாரங்களில் அது சோதனைக்குத் தயாரானது. முதல் சில விநாடிகளில் அது 16 குதிரைத்திறன் தந்தது. ஆனால், இயந்திரம் சூடேறியதும் உள்ளே வரும் காற்று விரிந்து, எரியும் கலவை குறைந்தது. ஒரு நிமிடத்திற்குள் திறன் 12 ஆகச் சரிந்தது. அந்த இயந்திரம் இன்றும் 12 குதிரைத்திறன் இயந்திரம் என்றே அறியப்படுகிறது. அதுவே 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது விமானத்தைப் பறக்கவைத்தது. அன்றைய நான்காவது பயணம் 59 விநாடிகள் நீடித்தது.

இன்றும் இத்தகைய எண்களைச் சோதிக்க வழிகள் உண்டு. 100 குதிரைத்திறனை முழுமையாகத் தரும் பெட்ரோல் விமான இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 27 லிட்டர் எரிபொருளைச் செலவிடும். அதில் பாதியைக் கொண்டே அதே திறனைத் தருவதாக ஒருவர் கூறினால், அளந்து காட்டும்படி கேட்பதே அறிவுடைமை. எந்த வேகத்தில், எவ்வளவு நேரத்திற்கு அத்திறன் கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். ஐயம் கொள்வது பிறரை இழிவுபடுத்துவது ஆகாது. அது உண்மையை நாடும் முதல் படி.

சிந்தித்து விடை கூறுக:
1. ரைட் சகோதரர்கள் அந்த இயந்திரத்தின் திறனை ஐயுற்றது ஏன்?
2. 16 குதிரைத்திறன் 12 ஆகக் குறைந்ததற்குக் காரணம் என்ன?
3. நீ அண்மையில் கண்ட விளம்பரம் ஒன்றின் கூற்றை எவ்வாறு சோதிப்பாய்?