கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சுயமாதிரிச் சோதனை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கருப்பையின் அடிப்பகுதி குறுகி யோனிக் குழாய்க்குள் திறக்கும் இடமே கருப்பை வாய் எனப்படுகிறது. அவ்விடத்தில் தோன்றும் புற்றுநோயால் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.25 லட்சம் பெண்கள் புதிதாகப் பாதிக்கப்படுவதாகவும், 80,000 பேர் வரை உயிரிழப்பதாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கான தன் மதிப்பீட்டில் கணக்கிட்டுள்ளது. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே திசுவில் தோன்றும் முன்புற்று மாற்றங்களைக் கண்டறிந்து அகற்றிவிட முடியும் என்பதால், இவ்விறப்புகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. ஆயினும், 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கான சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினர் மட்டுமே. தமிழ்நாட்டிலும் அந்த அளவு 10 விழுக்காட்டை எட்டவில்லை.

கூச்சம், அச்சம், கூலி இழப்பு, மருத்துவமனையின் தொலைவு எனப் பல காரணங்களால் பரிசோதனை மேசைக்கு வரத் தயங்கும் பெண்களுக்காக உருவானதே சுயமாதிரி முறை. சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே, தன் வீட்டிலோ சுகாதார நிலையத்தின் கழிப்பறையிலோ தனிமையில் எடுத்துக் கொடுப்பதே இதன் சாரம். இம்முறையைப் பற்றிய தவறான கருத்துகள் இரு திசைகளில் செல்கின்றன: சில இதனை நம்பத் தகாததென ஒதுக்குகின்றன, வேறு சில இதன் ஆற்றலுக்கு மீறியதை இதனிடம் எதிர்பார்க்கின்றன.

நம்பிக்கை 1: மருத்துவரோ செவிலியரோ எடுக்காத மாதிரியை நம்ப முடியாது.

உண்மை: இந்த ஐயம் பழைய சோதனையொன்றை மனத்தில் வைத்து எழுவது. பாப் ஸ்மியர் எனப்படும் அச்சோதனையில், ஸ்பெகுலம் என்னும் கருவியால் யோனிக் குழாயை விரித்து, கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தவாறே அதன் மேற்பரப்பைச் சுரண்டி உயிரணுக்களை எடுத்து, அவற்றின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஆராய்வர். சரியான இடத்திலிருந்து உயிரணுக்கள் கிடைக்காவிட்டால் அச்சோதனைக்குப் பொருளில்லை என்பதால், அதற்குப் பயிற்சி பெற்ற கை தேவைப்பட்டது. சுயமாதிரியில் தேடப்படுவது உயிரணுவின் வடிவம் அன்று. இப்புற்றுநோய்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் காரணமான எச்பிவி என்னும் மனித பாப்பிலோமா வைரஸின் மரபுப்பொருளே தேடப்படுகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது இவ்வைரஸுக்கும் இப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த பணியாகும். தொற்றுக்குள்ளான கருப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து உதிரும் உயிரணுக்கள் வைரஸின் டிஎன்ஏவைச் சுமந்தபடி யோனிக் குழாயின் கசிவில் கலந்துவிடுவதால், அக்கசிவைத் தொட்டெடுத்தாலே சோதனைக்குப் போதுமானது கிடைத்துவிடுகிறது.

மாதிரியில் உள்ள மிகச் சிறிதளவு டிஎன்ஏவைக்கூடப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையைப் பயன்படுத்தும்போது, பெண்கள் தாமே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் முன்புற்று மாற்றங்களைக் கண்டறிவதில் ஏறத்தாழ நிகராக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளிவந்த பகுப்பாய்வு காட்டியது. டிஎன்ஏவைப் பெருக்காமல் அது எழுப்பும் சமிக்ஞையை மட்டும் பெருக்கும் வேறு வகைச் சோதனைகளில் சுயமாதிரி சற்றுப் பின்தங்குவதையும் அதே பகுப்பாய்வு சுட்டியது. எனவே, மாதிரியை எடுத்தவர் யார் என்பதைவிட, ஆய்வகம் எம்முறையைக் கையாள்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆஸ்திரேலியா தன் தேசியத் திட்டத்தில் 2022 ஜூலை 1 முதல், தகுதியுள்ள 25 முதல் 74 வயது வரையிலான அனைவருக்கும் சுயமாதிரியை ஒரு தெரிவாக வழங்கி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் இதனை ஏற்கத்தக்க முறையாகப் பரிந்துரைக்கிறது.

நம்பிக்கை 2: தானே எடுத்தால் உள்ளே காயம் ஏற்படும், சிறிது பிசகினாலும் எல்லாம் வீணாகிவிடும்.

உண்மை: இதற்குப் பயன்படுவது நீண்ட பிடியுடைய பஞ்சுக் குச்சியோ மென்மையான சிறு தூரிகையோ ஆகும், ஊசியோ கூர்முனையோ இல்லை. கைகளைக் கழுவி, குந்தியோ ஒரு காலை முக்காலியின்மேல் ஊன்றியோ உடலைத் தளர்த்திக்கொண்டு, குச்சியின் நுனி எதன்மீதும் படாமல் விரலளவு ஆழத்துக்குச் செலுத்தி, உடன் வரும் குறிப்பில் சொல்லப்பட்ட நேரம், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள், மெல்லச் சுழற்றி வெளியே எடுத்து, குழாயில் இட்டு மூடிவிட வேண்டும். கருப்பை வாயைத் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் ஆழம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை. மேலும், மாதிரியில் மனித உயிரணுக்கள் போதிய அளவில் உள்ளனவா என்பதைப் பல சோதனைகள் தாமே சரிபார்த்து, இல்லையெனில் அம்மாதிரியைப் பயன்படாதது என அறிவித்துவிடுவதால், அப்பெண் மீண்டும் ஒருமுறை எடுத்துக் கொடுத்தால் போதும். மாதவிடாய் நாள்களைத் தவிர்ப்பது நல்லது. கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரின் அறிவுரையைக் கேட்ட பின்னரே எடுக்க வேண்டும்.

நம்பிக்கை 3: கருத்தரிப்பு அறியும் அட்டையைப் போல, வீட்டிலேயே உடனடியாக முடிவு தெரிந்துவிடும்.

உண்மை: வீட்டில் நடப்பது மாதிரி எடுப்பு மட்டுமே, சோதனை நடப்பது ஆய்வகத்தில். குழாயின்மீது பெயரும் நாளும் சரியாக எழுதப்படாவிட்டாலோ, சொல்லப்பட்ட கெடுவுக்குள் அது ஆய்வகத்தைச் சேராவிட்டாலோ, மிகச் சரியாக எடுக்கப்பட்ட மாதிரியும் பயனற்றுப் போகும்.

நம்பிக்கை 4: வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருள்.

உண்மை: பெண்களை மிகுதியாக அச்சுறுத்துவதும், முடிவை வாங்கவே வராமல் சிலரைத் தடுப்பதும் இந்தத் தவறான புரிதலே. இவ்வைரஸ் தொற்று மிகப் பரவலானது. பெரும்பாலானோரின் உடல் அதனை ஓரிரு ஆண்டுகளில் தானாகவே அடக்கிவிடுகிறது. அடங்காமல் நீடிக்கும் சிலரிடத்தில் மட்டும், அதிலும் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அது புற்றாக மாறக்கூடும். எச்ஐவி தொற்று போன்றவற்றால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் இக்கால அளவு 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். ஆகவே, வைரஸ் இருப்பதாகச் சொல்லும் முடிவு, மேலும் பார்க்கப்பட வேண்டியவர் யார் என்பதைப் பிரித்துக் காட்டுகிறதே தவிர நோயை உறுதிசெய்வதில்லை.

அடுத்த படி, கண்டறியப்பட்ட வைரஸின் வகையைப் பொறுத்தது. உலக அளவில் இப்புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 ஆகிய வகைகள் இருந்தால், ஆஸ்திரேலியத் திட்டத்தில் அப்பெண் நேரே கோல்போஸ்கோபிக்கு, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பப்படுகிறார். பிற வகைகள் இருந்தால், சுயமாதிரியிலிருந்து உயிரணுக்களின் வடிவத்தை ஆராய இயலாது என்பதால், மருத்துவரிடம் சென்று தனியே ஒரு மாதிரி கொடுக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய பரிசோதனை வசதிகள் குறைந்த இடங்களில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையாக மாறும் திட்டுகளைக் கண்ணால் கண்டறியும் முறை கையாளப்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு இம்முறையில் 30 முதல் 59 வயதுப் பெண்களைச் சோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளித்த ஆய்வில், இப்புற்றுநோயால் நேரும் இறப்புகள் 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரை தெரிவித்தது. முன்புற்று மாற்றம் உறுதியானாலும், பெரும்பாலும் அப்பகுதியைக் குளிரால் உறையச் செய்தோ வெப்பத்தால் சுட்டோ அழித்துவிட்டு, பெண் அன்றே வீடு திரும்பலாம். பொதுவாகக் கருப்பையை அகற்ற நேர்வதில்லை.

நம்பிக்கை 5: இம்முடிவு ஒழுக்கத்தின் மீதான தீர்ப்பு.

உண்மை: பாலுறவு வழியே பரவும் வைரஸ் என்பதாலேயே இவ்வெண்ணம் வேரூன்றியிருக்கிறது. வாழ்நாளில் ஒரே துணையுடன் வாழ்ந்தவருக்கும் இத்தொற்று ஏற்படலாம். பெற்ற தொற்று ஆண்டுக்கணக்கில் வெளிப்படாமல் கிடந்து பின்னர் தலைகாட்டவும் கூடும். ஆதலால், தொற்று எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை இச்சோதனையால் சொல்லவே முடியாது. கணவன்மீதோ மனைவிமீதோ ஐயம் கொள்வதற்கு இம்முடிவில் எந்த ஆதாரமும் இல்லை.

நம்பிக்கை 6: தொந்தரவு ஏதும் இல்லாதவருக்குச் சோதனை தேவையில்லை, தொந்தரவு உள்ளவர் வீட்டிலேயே இதைச் செய்துகொண்டால் போதும்.

உண்மை: இரண்டுமே தலைகீழானவை. முன்புற்று நிலையில் வலியோ கசிவோ பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், இச்சோதனை நலமாக இருப்பதாக உணரும் பெண்களுக்கே உரியது. உலகச் சுகாதார நிறுவனம் பொதுவாக 30 வயதிலிருந்தும், எச்ஐவியுடன் வாழ்வோருக்கு 25 வயதிலிருந்தும் இதைத் தொடங்கப் பரிந்துரைக்கிறது. மாறாக, உறவுக்குப் பின் இரத்தப்போக்கு, மாதவிடாய் முற்றிலும் நின்ற பின் மீண்டும் உதிரம் படுதல், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை உள்ளவர்கள் சுயமாதிரியின் முடிவுக்காகக் காத்திராமல் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

நம்பிக்கை 7: தடுப்பூசி போட்டவருக்கும், ஒருமுறை வைரஸ் இல்லை என முடிவு பெற்றவருக்கும் இனிக் கவலையில்லை.

உண்மை: தடுப்பூசி குறிப்பிட்ட சில வகைகளைத் தடுக்கிறதே தவிர எல்லா வகைகளையும் தடுப்பதில்லை, ஏற்கெனவே உள்ள தொற்றை அது நீக்குவதுமில்லை. வைரஸ் இல்லை என்ற முடிவு சில ஆண்டுகளுக்கு வலுவான உறுதியைத் தருகிறது. எனினும் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள் இடைவெளியில் சோதனையைத் திரும்பச் செய்துகொள்வது அவசியம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்க உதவும் சான்று மகாராஷ்டிரத்தில் அப்போது உஸ்மானாபாத் எனப்பட்ட மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கு 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை எச்பிவி சோதனை வழங்கப்பட்ட பிரிவில் இப்புற்றுநோய் இறப்புகள், வழக்கமான கவனிப்பைப் பெற்ற பிரிவைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அங்கு மாதிரிகளைப் பணியாளர்களே எடுத்தனர். வைரஸ் கண்டறியப்பட்டோர் மறுபரிசோதனைக்கும், தேவைப்பட்டால் சிகிச்சைக்கும் அழைக்கப்பட்டனர். சுயமாதிரி மாற்றுவது இத்தொடரின் முதற்படியை மட்டுமே. பிற படிகள் எல்லாம் முன்போலவே நடந்தாக வேண்டும். ஆகவே, ஒரு பெண் குச்சியைக் கையில் வாங்கும்போதே, முடிவை யார், எத்தனை நாளில் சொல்வார்கள் என்பதையும், வைரஸ் இருப்பதாக வந்தால் எந்த மருத்துவமனையில் அடுத்த பரிசோதனை நடக்கும் என்பதையும் கேட்டறிந்துகொள்வது அவருடைய உரிமை. அவ்விரு கேள்விகளுக்கும் விடை வைத்திராத ஏற்பாடு, எத்தனை ஆயிரம் மாதிரிகளைத் திரட்டினாலும், உயிர்களைக் காக்கும் திட்டமாகாது.