சிகிச்சை முடிந்த பிறகு வந்த பயம்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்த மாதங்களில் நான் அதிகம் அழவில்லை. ரத்தப் பரிசோதனை, ஊசி, ரேடியேஷன் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருந்தது. கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கும் தோழிகள் முறை வைத்து ரசமும் இட்லியும் கொண்டுவந்தார்கள். எல்லாம் முடிந்து, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று மருத்துவர் அனுப்பிவைத்த பிறகுதான் மனசு விட்டுப்போனது. அம்மாவும் ஊருக்குத் திரும்பிவிட்டார். "அதான் சரியாயிடுச்சே, தைரியமா இரு" என்றார்கள் எல்லோரும். எனக்கோ முதுகு லேசாக வலித்தால்கூட எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று இரவெல்லாம் தூக்கம் வராது.

அதனால், புதிதாகச் சிகிச்சை தொடங்கும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: முடிந்த பிறகு வரும் மாதங்களுக்கும் இப்போதே ஆள் பார்த்து வையுங்கள். மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கரிடம் ஆதரவுக் குழு பற்றிக் கேளுங்கள்.

குழுவில் உட்கார்ந்து சாவைப் பற்றிப் பேசினால் நோய் கூடிவிடும் என்று நம் வீடுகளில் பயப்படுவார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்ஃபோர்டில் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், நோய் பரவிய பெண்களை வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் அப்படித்தான் பேசவைத்தார். அவர்களுக்கு மனக்கலக்கமும் வலியும் குறைந்தன. 86 பெண்களைப் பற்றி 1989இல் வந்த அறிக்கை, குழுவில் இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவும் சொன்னது. 2007இல் அவரே வெளியிட்ட அடுத்த ஆய்வில் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. "நான் கவலைப்பட்டதால்தான் திரும்ப வந்தது" என்று எந்தப் பெண்ணும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லையே.

மார்பை இழந்ததைப் பற்றி நம்மிடையே யாரும் வாய் திறப்பதில்லை. கண்ணாடி முன் நிற்கக் கூசும். கணவர் தொட வந்தால் உடம்பு விலகும். அவரோ வலிக்குமோ என்று தள்ளிப் படுப்பார். இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசும்வரை அந்தத் தூரம் குறையாது. மார்பை மீண்டும் அமைத்துக்கொள்வதை அழகு ஆசை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மார்பகம் அகற்றும் அறுவைக்குப் பணம் தரும் குழுக் காப்பீடு, மறுசீரமைப்புக்கும் செயற்கை மார்புக்கும் தர வேண்டும் என்று 1998 முதல் இங்கே அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது.

சில மனமாற்றங்களுக்கு மருந்தும் காரணம். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை எடுப்பவர்கள், மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்குமுன் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை டமாக்ஸிஃபெனை உடல் பயன்படுத்துவதைத் தடுக்கக்கூடும். வென்லாஃபாக்ஸின் போல அந்தச் சிக்கல் குறைந்த மருந்துகளும் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் பயத்தைச் சொல்ல வராத அம்மாக்கள், மாமியார்கள் சிகிச்சையில் இருந்தால் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மகனையோ மருமகளையோ நடுவில் உட்காரவைக்காதீர்கள். அவர்கள் எதிரில் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த அம்மா சொல்லமாட்டார்.