உறங்கும் கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம்

மெல்பர்ன்
பிப்ரவரி

அன்புள்ள கயலுக்கு,

ஃப்ரீசியாக் கிழங்கும் ஸ்பராக்சிஸ் கிழங்கும் வாங்கிவிட்டேன், துலிப்பைப் போல ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடு.

கான்பெராவின் ஃப்ளோரியேட் மலர்விழாவில் நீ பார்த்து மயங்கிய துலிப் மலைக்குளிரில் பிறந்த செடி. குளிரில் கிடந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். நீ வாங்கியவை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தவை. அங்கே மழை குளிர்காலத்தில். கோடையில் மண் காய்ந்து கிடக்கும். அந்தக் கோடைச் சூடு பட்டால்தான் ஃப்ரீசியாக் கிழங்கின் உறக்கம் கலையும். பூ வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் 30 டிகிரியில் மூன்று மாதம் போல வைத்திருந்துதான் நடுகிறார்கள். சூடு போதாத கிழங்கு சில சமயம் முளையே விடாமல், மண்ணுக்குள் தன் மேலேயே இன்னொரு கிழங்கைக் கட்டிக்கொண்டு அந்த வருஷத்தைக் கழித்துவிடும். உன் வீட்டு ஷெட்டில், காகிதப் பையில், காற்றோட்டமாக வை. அது போதும்.

ஊரில் நம் வேலியோரக் காந்தளைப் பார்த்திருப்பாய். மழையோடு கொடி ஏறி, பூத்து, காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அப்போது யாரும் அதற்குக் குடம் சுமப்பதில்லை. இவையும் அப்படித்தான், பருவம் மட்டும் வேறு. இவற்றைக் கொல்வது பனிதான் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை பனியைவிட, கோடையில் பாசத்தோடு ஊற்றும் தண்ணீரில் அழுகிப் போனவைதான் அதிகம்.

மார்ச் கடைசியில் நடத் தொடங்கு. ஏப்ரல் கடைசியில் வரும் ஆன்சாக் தினத்துக்குள் முடித்துவிடு. மண் கலவையில் மூன்றில் ஒரு பங்கு பருமணல் சேர். கூர்முனை மேலே பார்க்க, 5 செ.மீ. ஆழத்தில் வை. 20 செ.மீ. தொட்டியில் எட்டுக் கிழங்கு தாராளமாகக் கொள்ளும். நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும்போது பார்க்க நிறைவு. ஃப்ரீசியாவின் தண்டு சாயும், மெல்லிய குச்சி நட்டுக் கொடு.

இனி பனி. நீ இருக்கும் கான்பெராவில் ஜூலை இரவுகள் சராசரியாகவே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். லேசான பனியை ஸ்பராக்சிஸ் தாங்கிக்கொள்ளும். ஃப்ரீசியாவின் மொட்டு தாங்காது. தரையில் நட்டதைவிடத் தொட்டியில் நட்டதற்குத்தான் ஆபத்து அதிகம், சுற்றிலும் குளிர் ஏறுமல்லவா? வடக்குப் பார்த்த சுவரோரம், கூரை நீட்டத்துக்குக் கீழே தொட்டிகளை ஒட்டி வை. பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மேகமும் காற்றும் இல்லாத இரவு என்றால் பழைய போர்வையால் மூடு, காலையில் எடுத்துவிடு. பிளாஸ்டிக் இலைமேல் படக் கூடாது. பனிக்குப் பயந்து ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுபோகாதே. சூட்டில் ஃப்ரீசியா இலையாக நீளும், பூ சரியாக வராது.

இக்சியா விரிடிஃப்ளோராவின் படத்தை அனுப்பியிருந்தாய். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அப்படியொரு நிறத்தைப் பூவில் காண்பது அரிது. அதுவும் கேப் பகுதியில், டல்பாக் பக்கத்து மண்ணைச் சேர்ந்தது. வளர்க்கக் கொஞ்சம் சிரமம். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம். இந்த வருஷம் ஸ்பராக்சிஸ் போதும். சிவப்பும் ஆரஞ்சுமாக, நடுவில் மஞ்சளும் கறுப்பு வளையமுமாகச் செப்டம்பரில் உன் வாசலை நிறைத்துவிடும்.

1772இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்காகச் செடி சேகரிக்க ஃபிரான்சிஸ் மாசன் கேப்புக்குப் போனார். அவர் அனுப்பியவற்றைப் போன்ற கேப் கிழங்குகளை இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். நமக்கு ஒரு சுவரும் போர்வையும் போதும்.

பூ முடிந்ததும் இலையை வெட்டாதே, முடிச்சும் போடாதே. அடுத்த வருஷத்துக் கிழங்கு அந்த இலையிலிருந்துதான் ஊறுகிறது. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறை, காய்ந்ததும் அடியோடு நிறுத்து. தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்று.

கிழங்கு பெருகி மிஞ்சினால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடு, இல்லையென்றால் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடு. உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் மட்டும் கொட்டிவிடாதே. விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஃப்ரீசியா அப்படித்தான் தோட்டம் தாண்டிப் போய், இந்த மண்ணின் சிறு செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது.

பருமணல் அங்கே கிடைக்காவிட்டால் சொல், ஈஸ்டருக்கு வரும்போது ஒரு மூட்டை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா